சராசரி சரியாக இருக்கிறது

இரத்தசோகை ஒழிப்பு உயர் மையம் பெரிய மருத்துவமனையின் நான்காவது மாடியில் இருந்தது. ஏன் நான்காவது மாடி என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு மூச்சு உள்ளவர்கள் அங்கே வருவதில்லை. தரைத்தளம் முழுக்கப் பழைய கோப்புகள். அவற்றால் படியேற முடியாது என்பதால் கீழேயே வைத்திருந்தார்கள். லிஃப்ட் ஒன்று இருந்தது, நன்றாகவும் ஓடியது. அதன் கதவில், "அலுவலர்களுக்கு மட்டும். படியேறுவது நோயாளிகளின் இரத்த ஓட்டத்துக்கு உகந்தது" என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் படிகளில் ஒரு திங்கட்கிழமை காலை தபாலக்கா ஏறிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாகத் தபால் பட்டுவாடா செய்கிறவள், அதனால் அவள் போகிற தெருவெல்லாம் அவளுக்கு அந்தப் பெயர்தான். ஒரு காலத்தில் கடிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவள். கடந்த ஆறு மாதமாக ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, விலாசத்தைச் சரிபார்ப்பதுபோல் பாசாங்கு பண்ணிக்கொண்டு மூச்சு வாங்கினாள். போன வாரம் மூன்றாவது மாடி வீடொன்றில் அழைப்புமணியை அழுத்தினாள். கதவு திறப்பதற்குள் வாசலிலேயே சரிந்துவிட்டாள். நினைவு வந்தபோது அந்த வீட்டுக்காரர் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "லெட்டர் நனையலையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டோமோ என்கிற பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் வெல்டர். நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி வழியாக நெருப்பைப் பார்க்கிற மனிதர் என்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும்.

"உன் மூஞ்சியில ரத்தமே இல்ல. அதோட இன்னொண்ணு. தபால்தலைத் தாளோட ஓரத்தைக் கிழிச்சு வாயில போட்டு மெல்லுற. நான் பாக்கலன்னு நெனைச்சியா?"

"சும்மா ஒரு இதுக்குங்க."

"எதுக்கு? வீட்டுல சோறு இல்லையா? நாளைக்கே போய் ரத்தத்தைப் பாரு."

அந்தத் திங்கட்கிழமை மருத்துவமனை வாசலில் அவள் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.8. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். ஒரு சீட்டு கொடுத்து, "நாலாவது மாடிக்குப் போங்க, சீக்கிரம் போங்க" என்றார்கள். சீக்கிரம் போவதற்கு அவளுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

மேலே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு பெரிய மின்பலகை. "மையத்தின் இன்றைய சராசரி ஹீமோகுளோபின்: 12.6" என்று பச்சை எழுத்தில் ஒளிர்ந்தது. தபாலக்கா வரிசையைப் பார்த்தாள். சுவரோரமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெள்ளைக் காகிதம்போல் இருந்தார்கள். மறுபடி பலகையைப் பார்த்தாள். மயக்கத்தில் எண் தவறாகத் தெரிகிறதோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். ஐம்பது வயதிருக்கும். ரொட்டிக் கடை நடத்துகிறவள், அங்கே எல்லோரும் பேக்கரியம்மா என்று கூப்பிட்டார்கள். "வாட்ச்மேன், லிஃப்ட்காரர், டாக்டருங்க, கேன்டீன் ஆளுங்க எல்லாருக்கும் காலையில குத்திப் பாத்து, நம்மளோட சேத்துக் கூட்டி வகுத்துடறாங்க. கேன்டீன்காரருக்குப் பதினாறரை. அவரு லீவு போட்டா நாம எல்லாரும் நோயாளியாயிடுவோம்."

அதற்குள் மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், உறுதிமொழி. மையத்தின் தலைவர் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நோயாளிகள் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். "சோர்வை ஒழிப்பேன். சோம்பலை ஒழிப்பேன். எனது இரத்தத்துக்கு நானே பொறுப்பு." இப்படி இருபத்திரண்டு வரி. பதினான்காவது வரியில் மூன்று பேர் விழுந்தார்கள். ஓர் ஊழியர் குனிந்து அவர்கள் அட்டை எண்ணைப் பார்த்து, "உறுதிமொழி ஏற்க மறுத்தார்" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

நான்கு குழாய் இரத்தம் எடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, முதல் அறைக்கு அனுப்பினார்கள். கதவில் "சிற்றணுப் பிரிவு" என்றிருந்தது. உள்ளே இருந்த டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, அவளுடைய தாளைப் பார்த்தார்.

"ரத்தசோகைங்கறது ஒரு நோய் இல்லம்மா. அது ஒரு பெரிய குடும்பம். உடம்புல இரும்புச் சத்து கொறைஞ்சா சிவப்பணு சின்னதாயிடும். அது நம்ம ரூம். பி12, ஃபோலிக் அமிலம் கொறைஞ்சா சிவப்பணு பெருசாயிடும். அது எதிர் ரூம். சிவப்பணு சீக்கிரமே உடைஞ்சு போறது, எலும்பு மஜ்ஜை உற்பத்தி பண்ணாதது, பொறக்கும்போதே வர்றது, நாள்பட்ட நோயால வர்றதுன்னு தனித்தனி ரூம் இருக்கு. மொத்தம் ஒம்போது கதவு. உலகத்துலேயே ரத்தசோகைக்கு இத்தனை கதவு வேற எங்கயும் கிடையாது."

"எனக்கு எந்தக் கதவு சார்?"

"அதான் பிரச்சினை. உங்க சிவப்பணுவோட சராசரி சைஸ் எண்பத்தெட்டு. எண்பதுலேர்ந்து நூறு வரைக்கும் நார்மல். அப்ப உங்க அணு சரியா இருக்கு."

"அப்புறம் ஏன் சார் விழுந்துட்டேன்?"

"அத நீங்கதான் சொல்லணும். எண்பதுக்குக் கீழ கொண்டு வாங்க, தாராளமா பாக்கறேன்."

எதிர் அறை பேரணுப் பிரிவு. அந்த டாக்டர் மிகவும் மரியாதைக்காரர், உட்காரச் சொன்னார். எதிர் அறை இரத்தத்தைத் தாம் நம்புவதில்லை என்று சொல்லி, தமக்கென்று நான்கு குழாய் எடுக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் கழித்து அதே எண்பத்தெட்டு வந்தது. அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"நூத்துக்கு மேல வந்திருந்தா இன்னிக்கே ஊசி போட்டிருப்பேன். ஃபிரிட்ஜ் நெறைய மருந்து இருக்கு, போடத்தான் ஆள் இல்ல."

"கால் ரெண்டும் மரத்துப் போற மாதிரி இருக்கு சார். செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல. நாக்கு எரியுது."

"அதெல்லாம் எங்க பிரிவோட அறிகுறிதான், எனக்கே ஆசையா இருக்கு. ஆனா சைஸ் இல்லையே."

செருப்புக் கடையில்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று தபாலக்காவுக்குத் தோன்றியது. அங்கே குறைந்தபட்சம் காலைப் பார்ப்பார்கள். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் கேட்டதும் வெகுளியாகத் தாள் மெல்லுகிற விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். அங்கே நூற்று நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். நிரப்பிக் கொடுத்தபோது, மூன்றாம் பக்கத்தின் மூலையைக் காணவில்லை என்று அதற்கொரு விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இப்படி ஐந்து வாரம் போயிற்று. வாரம் இரண்டு நாள் நான்கு மாடி, ஒவ்வொரு கதவுக்கும் நான்கு குழாய். ஒன்பது கதவும் அவளைத் திருப்பி அனுப்பின. 7.8 என்றிருந்தது 7.5 ஆகி, 7.3 ஆயிற்று. வேலையில் பாதி நாள் விடுப்பு. தபால் நிலைய அதிகாரி, "வெளி வேலை இனிமே வேண்டாம், உள்ள உக்காந்து முத்திரை குத்துங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இவள் கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

வரிசையில் அவளுக்குப் பொறாமை ஒன்று இருந்தது. பேக்கரியம்மாவிடம் சிவப்பு அட்டை இருந்தது, சிற்றணுப் பிரிவு. முதல் நாளே வகை கண்டுபிடித்து, ஒரு வருடமாக இரும்பு மாத்திரை தருகிறார்கள். வகை உள்ளவர்கள் உட்கார நாற்காலியே தனி.

"உங்களுக்கு என்னக்கா, ராஜயோகம்" என்றாள் ஒரு நாள்.

"என்ன யோகம் போ. மாத்திரை சாப்பிடறேன், ஏறுது, எறங்குது. முதல்ல ஆறு, அப்புறம் ஒம்போது, இப்ப திரும்ப ஆறரை." பேக்கரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பா போகுது. மாத்திரையாலதான்னு சொல்றாங்க. ஆனா மாத்திரைக்கு முன்னாடியே எனக்கு அப்படித்தான். வயிறு வேற பிடிச்சு இழுக்குது. சொன்னா, 'வகை கண்டுபிடிக்கறதுதான் எங்க வேலை, காரணம் கண்டுபிடிக்கறது வேற துறை'ங்கறாங்க."

"எந்தத் துறையாம்?"

"அத அவங்களும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் இருவருக்குமே மூச்சு வாங்கியது. அதற்கு அடுத்த வாரம் பேக்கரியம்மா வரவில்லை.

ஆறாவது வாரம் தபாலக்காவை வகையறியா நோயாளர் உயர்நிலைக் குழுவின் முன் நிறுத்தினார்கள். நீள மேசை, பதினோரு பேர், பதினோரு தண்ணீர் பாட்டில். நடுவில் தலைவர். மின்பலகை அவருடைய யோசனை என்பதால் வரிசையில் அவருக்குச் சராசரியார் என்று பெயர். சிற்றணு டாக்டர், அவளை எதிர் அறை எடுத்துக்கொள்ளலாம் என்றார். பேரணு டாக்டர், மிகுந்த மரியாதையுடன், எதிர் அறையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். இன்னொருவர் நடுத்தர அளவுக்கென்று பத்தாவது கதவு ஒன்றைத் திறக்க ஆலோசனை சொன்னார். அதற்குச் சுவர் இல்லை என்று பொறியாளர் கடிதம் கொடுத்திருந்தார். ஒருமணி நேர விவாதத்துக்குப் பிறகு சராசரியார் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நீங்க எங்களப் புரிஞ்சுக்கணும். நாங்க இங்க பதினாலாயிரம் பேரை வகைப்படுத்தியிருக்கோம். யாரும் இப்படிப் பண்ணதில்ல. சில பேருக்கு வகை தெரிஞ்சதுக்கு அப்புறம் உடம்பு சரியாகலைன்னு ஒரு குறை சொல்லுவாங்க. ஆனா எந்த வகையில சரியாகலைங்கறத எங்களால துல்லியமா சொல்ல முடியும். அதுதான் விஞ்ஞானம். உங்க ரத்தம் எங்க படிவத்தோட ஒத்துழைக்க மாட்டேங்குது. நாங்க என்ன செய்ய?"

தபாலக்கா ஆறு வாரமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பதினோரு ஆண்களுக்கு முன்னால் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. ஆனாலும் சொன்னாள். "சார், எனக்கு மாசாமாசம் பத்துப் பன்னெண்டு நாள் போகுது. கட்டி கட்டியா போகுது. ரெண்டு வருஷமா."

மேசையைச் சுற்றிப் பதினோரு பேரும் தண்ணீர் குடித்தார்கள்.

"அது மகளிர் துறைம்மா" என்றார் சராசரியார். "ரெண்டாவது மாடி."

"போனேன் சார். ரத்தம் பத்துக்கு ஏறட்டும், அப்புறம்தான் கர்ப்பப்பையைப் பாப்போம், உங்க மையத்துல கடிதம் வாங்கிட்டு வான்னு சொல்லிட்டாங்க."

"நாங்க கடிதம் குடுக்கணும்னா வகை வேணுமே."

"ரத்தம்தான் சார் போகுது! இது ரத்தத்துக்கான எடம்தானே?"

சராசரியார் பொறுமையாகச் சிரித்தார். இப்படிப்பட்ட அறியாமையைப் போக்குவதற்காகவே தாம் பிறந்ததாக நினைக்கிறவரின் சிரிப்பு அது. "அம்மா, உள்ள இருக்கற ரத்தம்தான் எங்க துறை. வெளிய போற ரத்தம் எங்க துறையில வராது."

கூட்டத்தின் முடிவாக, அடுத்த மாதக் கூட்டம் வரை அவள் "தற்காலிக ஆரோக்கியம்" உள்ளவர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆய்வுக்காக ஒரு குழாய் கேட்டதால், பதினோரு குழாய் எடுத்தார்கள். சான்றிதழ் தடித்த, வழவழப்பான தாள். அதை மெல்ல முடியாது.

மறுநாள் காலை அவள் கட்டிலில் இருந்து எழுந்திருக்கவே மதியமாகிவிட்டது. வெல்டர் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் வந்து நாலு கேள்வி கேக்கறேன் அந்த ஆளுங்கள" என்றார்.

"வேணாங்க. உங்க கிட்டயும் நாலு குழாய் எடுப்பாங்க. உங்களுக்குப் பதினஞ்சு இருக்கும். அவங்க சராசரிதான் கூடும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். நகங்கள் தட்டையாகி, நடுவில் குழிந்திருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அதில் நிற்கும். "எனக்குப் பயமா இருக்குடி" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் மையத்துக்கு மேலிடத்து ஆய்வுக் குழு வந்தது. காலையிலேயே வாட்ச்மேன்கள் வரிசையாக விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கேன்டீன்காரருக்கு இரண்டு தடவை குத்தினார்கள். எட்டுக்குக் கீழே உள்ள நோயாளிகள் மட்டும் ஆய்வு முடியும்வரை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அறையில் இருக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அது ஐந்தாவது மாடி. வழக்கம்போல் இரத்தம் கொடுக்க அன்றும் வந்திருந்த தபாலக்கா ஆறாவது படியில் கைப்பிடியை விட்டுவிட்டாள். உருண்டு விழவில்லை. கால்கள் தாமாகவே அவளைக் கீழே திருப்பி, நடைக்கூடத்தின் கோடியில் இருந்த சின்ன அறைக் கதவில் கொண்டுபோய்ச் சாய்த்தன. அங்கே இரத்தம் எடுக்கிற பெண் ஒருத்தி நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளை ஊசிப்பொண்ணு என்பார்கள். ஆறு வாரமாக அவள் முகத்தைத் தபாலக்கா சரியாகப் பார்த்ததே இல்லை. ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதே வழக்கமாயிருந்தது.

ஊசிப்பொண்ணு அவளைத் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்து, காலடியில் ஒரு பெட்டியை வைத்து உயர்த்தினாள். ஒலிபெருக்கியில் சராசரியாரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "மாண்பமை ஆய்வாளர்களே, இந்த மாடியில் இன்று நோயாளி என்று சொல்லத்தக்க ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையுடன்..."

"அக்கா, உங்க பேரு போட்ட ஸ்லைடு எங்கிட்ட பன்னெண்டு இருக்கு" என்றாள் ஊசிப்பொண்ணு. "கொஞ்சம் தெளிஞ்சதும் வந்து பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்துத் தபாலக்கா நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"வெளிறி, பொடிசு பொடிசா இருக்கே, அது இரும்பு இல்லாம வந்தது. பக்கத்துல குண்டு குண்டா இருக்கே, அது பி12 இல்லாம வந்தது. உங்களுக்கு ரெண்டுமே இருக்கு. மெஷின் ரெண்டையும் கூட்டி வகுத்து எண்பத்தெட்டுன்னு சொல்லுது. உள்ள ஒரு அணுகூட எண்பத்தெட்டு இல்லக்கா."

"இத ஏம்மா எழுதல?"

"நாலு தடவ எழுதினேன். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நோயாளிக்கு ஒரு வகைதான் எழுதணுமாம். தாள் மெல்லத் தோணுறதுகூட இரும்பு இல்லாததாலதான், பைத்தியம் இல்ல. மாசம் எத்தனை நாள் போகுது?"

மையத்தில் யாரும் தாமாக அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தபாலக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. ஊசிப்பொண்ணு ஒரு துண்டுத் தாளில் பின் தெரு டாக்டரம்மாவின் விலாசத்தை எழுதினாள். ஸ்லைடில் கண்டதையும் அதன் கீழே எழுதினாள். "லிஃப்ட்ல போங்க. யாராவது கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பின் தெரு டாக்டரம்மாவின் அறை பத்துக்குப் பத்து. ஒரே ஒரு கதவு, அதுவும் சரியாகச் சாத்தாது. அவர் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், காலில் பஞ்சை வைத்துத் தடவி, தெரிகிறதா என்று கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நெஞ்செரிச்சலுக்கு எட்டு வருடமாக ஒரு மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டிருப்பதைத் தபாலக்கா சொன்னாள்.

"அதை யாரும் நிறுத்தச் சொல்லலையா? வருஷக்கணக்கா போட்டா பி12 உடம்புல சேராம போயிடலாம். இரும்பு ரத்தத்தோட போகுது, பி12 உள்ளயே வரல. ரெண்டு ஓட்டை." அவர் எழுதத் தொடங்கினார். "ரத்தசோகைங்கறது பதில் இல்லம்மா, கேள்வி. ஏன் வந்துச்சுன்னு தேடணும். ஏழுல இருக்கீங்க. இதுக்குக் கீழ போயிருந்தா ரத்தம் ஏத்தவேண்டி வந்திருக்கும். இரும்பு மாத்திரையை வெறும் வயித்துல, எலுமிச்சைச் சாறோட சாப்பிடுங்க. டீயோட வேணாம், உறிஞ்ச விடாது. பி12 ஊசி வாரத்துக்கு ரெண்டு. நாளைக்கே ஸ்கேன்."

எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். கருப்பையில் எலுமிச்சை அளவு சாதாக் கட்டி ஒன்று இருந்தது, இரத்தப்போக்கை நிறுத்த மருந்து கொடுத்தார். இரண்டே வாரத்தில் தாள் மேல் இருந்த ஆசை போய்விட்டது. மூன்றாம் மாதம் 11.6. சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதே, உடம்பின் இரும்புக் கிடங்கு நிரம்ப இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று டாக்டரம்மா மிரட்டி அனுப்பினார். தபாலக்கா மறுபடி வெளி வேலைக்கு வந்தாள். முதல் நாள் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை நிற்காமல் ஏறி, மேலே யாருக்கும் கடிதம் இல்லை என்பதால் சும்மா இறங்கி வந்தாள்.

அந்த மாதம் இரத்தசோகை மையத்திலிருந்து பதிவுத் தபால்கள் ஒரு கட்டு வந்தன. "பெறுநர் நேரில் கையெழுத்திட வேண்டும்" என்று எல்லாவற்றிலும் முத்திரை. அதில் ஒன்று அவளுக்கே வந்திருந்தது. பிரித்துப் பார்த்தாள். தொடர்ந்து மூன்று முறை வருகை தராததால், மையத்தின் விதிப்படி அவள் முழுமையாகக் குணமடைந்துவிட்டதாகவும், அதற்கு மையம் வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தது. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ரொட்டிக் கடை விலாசம்.

கடையில் பேக்கரியம்மாவின் கணவர் தனியாக இருந்தார். அடுப்பு எரியவில்லை. உறையின் மேல் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டாமல் நின்றார்.

"அவ போயி நாப்பது நாளாச்சும்மா. வயித்துல புத்துநோய். உள்ளுக்குள்ள ஒரு வருஷத்துக்கு மேலா ரத்தம் கசிஞ்சிருக்கு. கடைசியில வேற டாக்டர் சொன்னாரு, ஆரம்பத்துலயே வாய் வழியா ஒரு குழாய் விட்டுப் பாத்திருந்தா பொழைச்சிருப்பான்னு." பிறகு, "என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார்.

உள்ளே இருப்பது தனக்கு வந்த அதே வாழ்த்துத்தான் என்று தெரிந்ததால், தபாலக்கா உறையைப் பிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரி விவரம்தாங்க" என்று சொல்லிவிட்டு, உறையின் மேல் "பெறுநர் இறந்துவிட்டார். அனுப்பியவருக்குத் திருப்புக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தெருமுனை வரைக்கும் வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். வகை உள்ளவர்களின் நாற்காலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அவளுக்குத் தாங்கவில்லை.

நான்கு நாளில் அதே கடிதம் ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. "மேற்படி நபர் குணமடைந்தவர் என எமது பதிவேட்டில் உள்ளது. தபால் துறையின் குறிப்பு ஏற்கத்தக்கதன்று. மீண்டும் பட்டுவாடா செய்யவும்."

தபாலக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு மாடியும் ஒரே மூச்சில் ஏறினாள். உறுதிமொழி நடந்துகொண்டிருந்தது. நேராகச் சராசரியாரின் மேசைக்குப் போய்க் கடிதத்தை வைத்தாள்.

"இவங்க செத்துப்போயிட்டாங்க சார்."

அவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார். "மூணு தடவ வரலையே. உடம்பு சரியில்லாதவங்க வருவாங்க இல்லையா? வரலைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்."

"செத்தவங்களும் வர மாட்டாங்களே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். யாருமே விதிய மீறல." அவர் நிமிர்ந்து அவளை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம வகையில்லாதம்மா! இப்ப என்ன, பதினொண்ணு இருக்குமா? பாத்தீங்களா, எங்க சான்றிதழ் வேலை செஞ்சிருக்கு!"

அவரிடம் கத்துவதற்காகத்தான் அவள் வந்தாள், மூச்சும் தேவைக்கு மேலேயே இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கத்திப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. திரும்பி, கையை நீட்டிக்கொண்டு நின்ற வரிசையைப் பார்த்தாள். நாற்பத்தோரு பேர்.

"எல்லாரும் முதல்ல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்கள். பேக்கரியம்மாவின் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பேக்கரியம்மா இறந்த தேதியைச் சொன்னாள். பிறகு முதல் ஆளிலிருந்து ஆரம்பித்தாள். "மாசம் எத்தனை நாள் போகுது? மலம் கறுப்பா போகுதா? கால் மரத்துப் போகுதா? என்ன மாத்திரை சாப்பிடறீங்க? உங்க வீட்டுல வேற யாருக்காவது சின்ன வயசுலேர்ந்தே இப்படி உண்டா?" ஐந்தாவது ஆளை நெருங்குவதற்குள் மற்றவர்களே பக்கத்து ஆளைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நடைக்கூடத்தின் கோடியிலிருந்து ஊசிப்பொண்ணு ஸ்லைடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு லிஃப்ட்காரரே சொன்னார், "ஆறு ஆறு பேரா வாங்க."

பின் தெருவில் அன்று வரிசை முனைவரைக்கும் நின்றது. டாக்டரம்மா சாயங்காலம்வரை நிமிரவில்லை. ஒருத்திக்குப் பிறவியிலேயே வந்த கோளாறு, இரும்பே கொடுக்கக் கூடாது. அவளுக்கு ஒரு வருடமாக இரும்புதான் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரை மஜ்ஜை சோதனைக்கு உடனே வெளியூர் அனுப்பினார். ஒருவருக்குக் குடலில் புண், நேரத்துக்குப் பிடித்தாயிற்று. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையும், அதை எப்படிச் சாப்பிடுவது என்று யாராவது சொல்வதும் போதுமாயிருந்தன.

மூன்று வாரம் கழித்து, நாற்பத்தோரு நோயாளிகளை ஒரே நாளில் குணப்படுத்திய சாதனைக்காக மையத்துக்குக் கேடயம் கிடைத்தது. மின்பலகை 15.2 காட்டியது. சிற்றணு டாக்டரும் பேரணு டாக்டரும் கேடயத்தை யார் அறையில் வைப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே நாற்பத்தோரு வாழ்த்துக் கடிதங்கள் பதிவுத் தபாலில் வந்தன, "பெறுநர் நேரில் கையெழுத்திட வேண்டும்" என்ற முத்திரையோடு.

தபாலக்கா ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. வேறு தபால்காரர்களுடைய தெருக்களுக்கு வந்தவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆறு நாள் எடுத்து வீடு வீடாக ஏறினாள். ஒவ்வொரு வாசலிலும் மணியை அழுத்திவிட்டு, உள்ளே காலடிச் சத்தம் கேட்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வெளியூர் போயிருந்த இரண்டு பேருக்காக மட்டும் மறு வாரமும் போனாள். நாற்பத்தோரு கதவும் திறந்தன. நாற்பத்தோரு பேரும் நேரில் வந்து, அவரவர் கையாலேயே கையெழுத்துப் போட்டார்கள்.